கொழுந்து மலைதான் ஆய்வுகூடம்

பதுளைக்குப் பல்கலைக்கழகம் வந்து இருபது ஆண்டுகள் கடந்துவிட்டன. ஊவாத் தோட்டங்களில் உயிரியல் கேள்விகளுக்குப் பஞ்சமே இல்லை. அந்தக் கேள்விகளைக் கேட்பது யார்? விடைகள் யாரிடம் போய்ச் சேருகின்றன?

மடுல்சீமை, 1869. தோட்டமொன்றில் காப்பி இலையைப் புரட்டிப் பார்க்கிறார்கள். மேற்புறத்தில் வெளிறிய மஞ்சள் பொட்டு. அதற்கு நேர் அடியில் செம்மஞ்சள் தூள். தொட்டால் விரலில் ஒட்டுகிறது, ஊதினால் பறக்கிறது. பக்கத்துச் செடியிலும் அதே பொட்டு, அடுத்த நிரையிலும் அதே. கொஞ்ச நாளில் இலைகள் கொட்டத் தொடங்குகின்றன. செடி மறுபடி துளிர்க்கிறது, மறுபடி உதிர்க்கிறது. காய்க்கத் தெம்பில்லாமல் மெலிந்து போகிறது.

நோயுற்ற இலைகள் பேராதனைப் பூங்காவின் பணிப்பாளர் துவைட்ஸ் மூலமாக இங்கிலாந்துக்குப் போயின. அங்கே பங்கசு ஆராய்ச்சியாளர் பார்க்லி அதற்கு ஹெமிலியா வஸ்டாட்ரிக்ஸ் என்று பெயரிட்டார். இன்று பிரேசில் முதல் கொலம்பியா வரை காப்பி விவசாயிகளின் தூக்கத்தைக் கெடுக்கும் இலைத்துரு நோய், உலகின் கவனத்துக்கு முதலில் வந்தது பதுளை மாவட்டத்து மலையொன்றிலிருந்துதான்.

நோயை ஆராய 1880இல் கொழும்பில் வந்திறங்கியவர் பேராசிரியர் அல்லர். ஹரி மார்ஷல் வார்ட் என்ற அந்த இளைஞர் முந்திய ஆண்டுதான் கேம்பிரிட்ஜில் பட்டம் முடித்திருந்தார். இருபத்தாறு வயதுகூட நிரம்பவில்லை. பசை தடவிய கண்ணாடித் தகடுகளைத் தோட்டத்தில் தொங்கவிட்டுக் காற்றில் வரும் வித்திகளைப் பிடித்தார். ஈர இலையில் வித்தி முளைத்து, இலைத் துவாரத்தின் வழியே உள்ளே நுழைவதை நுணுக்குக்காட்டியில் பார்த்தார். மலை மலையாக ஒரே பயிரை நட்டதுதான் காற்றோடு வந்த நோய்க்குக் கதவைத் திறந்துவிட்டது என்று அறிக்கையில் எழுதினார்.

அறிக்கை சரி, காலம்தான் கடந்துவிட்டது. 1870களில் 2 இலட்சத்து 70 ஆயிரம் ஏக்கரைத் தாண்டியிருந்த காப்பி, அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ அழிந்தது. அந்த இடத்தில் தேயிலை ஏறியது.

இந்த மாற்றத்தின் மீதி, நம்முடைய கதை. காப்பிக்குப் பழம் பறிக்கும் மாதங்களில்தான் பெருந்தொகை ஆள் வேண்டும். கடல் கடந்து வந்தவர்களில் பலர் பருவம் முடிந்ததும் ஊர் திரும்பினார்கள். தேயிலையோ ஆண்டு முழுவதும் கொழுந்து விடும் பயிர். ஆகவே குடும்பங்கள் லயங்களில் தங்கின, தலைமுறைகள் இங்கேயே பிறந்தன. மலையகத் தமிழரின் வரலாற்றில் கங்காணியும் கப்பலும் தவறாமல் வருகின்றன. அந்தப் பங்கசுக்கும் அதில் ஒரு பக்கம் ஒதுக்க வேண்டும்.

■ பசறை வீதியில் ஒரு பல்கலைக்கழகம்

வார்ட் கேம்பிரிட்ஜிலிருந்து வர வேண்டியிருந்தது. இன்று அந்த வேலையைச் செய்யக்கூடிய மாணவர்கள் பதுளையிலேயே இருக்கிறார்கள். 2005இல் அமைக்கப்பட்ட ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம், பதுளை நகரிலிருந்து பசறைக்குப் போகும் வீதியில் இருக்கிறது. நாட்டின் மூலவளங்களுக்குப் பெறுமதி சேர்ப்பது என்ற நோக்கத்தோடு தொடங்கியதால், பழைய பல்கலைக்கழகங்களைப் போலத் தாவரவியல், விலங்கியல் என்று துறைகள் இங்கே பிரியவில்லை. ஏற்றுமதி விவசாயம், விலங்கு விஞ்ஞானம், நீர்வளத் தொழில்நுட்பம், தேயிலைத் தொழில்நுட்பமும் பெறுமதி சேர்த்தலும் என்றுதான் பட்டங்களுக்குப் பெயர். பெயர் எதுவானாலும் உள்ளே இருப்பது உயிரியல்: கலம், மரபணு, நுண்ணங்கி, பூச்சி, மண்.

இதே பசறையில்தான் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் ஊவா பிராந்திய நிலையமும் இருக்கிறது. ஆராய்ச்சி நிலையம், பல்கலைக்கழகம், சுற்றிலும் தோட்டங்கள் மூன்றும் ஒரே வீதியில் கோத்தாற்போல அமைந்த இடம் இலங்கையில் வேறெங்கும் எளிதில் கிடைக்காது.

நான்கு ஆண்டுச் சிறப்புப் பட்டத்தின் முடிவில் மாணவர் தாமே ஓர் ஆய்வு செய்ய வேண்டும். மூன்று ஆண்டுகள் பிறர் கண்டுபிடித்ததைப் படித்தவர், விடை எந்தப் புத்தகத்திலும் இல்லாத ஒரு கேள்வியோடு முதல் தடவையாகத் தனியே நிற்பது அப்போதுதான். பட்டப்படிப்பின் உயிரே அந்த மாதங்களில்தான் இருக்கிறது.

┌ பெட்டிச் செய்தி 1: ஊவா மலையும் உயிரியலும்

• 1869: காப்பி இலைத்துரு மடுல்சீமையில் கண்டறியப்பட்டது.
• 1880: மார்ஷல் வார்ட் இலங்கை வருகை. பின்னாளில் கேம்பிரிட்ஜில் தாவரவியல் பேராசிரியரானார்.
• 1925: தேயிலை ஆராய்ச்சி நிலையம் தொடக்கம், பின்னர் தலவாக்கலை சென்ட் கூம்ஸ் தோட்டத்துக்கு மாறியது.
• 1935–36: தேயிலை இலைசுருட்டிப் புழுவை அடக்க ஜாவாவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவி கொண்டுவரப்பட்டது.
• 1946: தேயிலைக் கொப்புள நோய் இலங்கையை எட்டியது.
• 1960கள்: இலையின் ஈரத்துக்கும் வெயிலுக்கும் கொப்புள நோய்க்கும் உள்ள தொடர்பை அலன் கெர், சண்முகநாதன் ஆகியோர் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தில் ஆராய்ந்தனர்.
• 2005: ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் தொடக்கம்.
└

■ ஒரு மலை, ஓர் ஆய்வு

இறுதியாண்டு ஆய்வில் என்னதான் நடக்கிறது? கொப்புள நோயை எடுத்துக்கொள்வோம். தேயிலையின் இளம் இலையை மட்டுமே இந்தப் பங்கசு தாக்கும். நாம் பறிப்பதும் அந்த இளம் இலையைத்தான் என்பதால் நட்டம் நேரே கொழுந்துக் கூடையில் தெரியும். மருந்தை அடிக்கடி அடித்தால் நோய் அடங்கும்; ஆனால் பறித்த இலை அப்படியே கோப்பைக்குப் போகிறதே. ஆகவே குறைந்த தெளிப்பில் நோயை அடக்க முடியுமா என்பது நல்ல ஆய்வுக் கேள்வி.

மாணவர் ஒரு மலையைத் துண்டு துண்டாகப் பிரிக்கிறார். சில துண்டுகளுக்குப் புதிய முறை, சிலவற்றுக்குப் பழைய முறை, சிலவற்றுக்கு எதுவுமே இல்லை. எந்தத் துண்டுக்கு எது என்பதைச் சீட்டுக் குலுக்கித்தான் முடிவு செய்ய வேண்டும். தம் வசதிக்குத் தேர்ந்தால் முடிவு பிழைத்துப்போகும். மலையில் இன்னொரு சிக்கல் உண்டு. மேட்டில் காற்றும் வெயிலும் படும், பள்ளத்தில் பனி தங்கி இலை காயாது. ஆகவே மேடு, நடு, பள்ளம் என்று தொகுதி பிரித்து, ஒவ்வொரு தொகுதிக்குள்ளும் எல்லா முறைகளையும் வைக்க வேண்டும்.

இந்த வடிவமைப்பைப் பாடநூலில் படிக்கலாம். ஆனால் அந்தக் குறிப்பிட்ட மலையில் எந்த நிரையில் முதலில் கொப்புளம் விழும், எந்த மூலையில் மத்தியானம் வரை பனி விலகாது என்பதை இருபது வருடம் அங்கே கொழுந்தெடுத்த அம்மாவிடம்தான் கேட்க வேண்டும். மட்டக்கம்பு பிடித்த கைக்குத் தெரிந்ததையும் புள்ளிவிபரவியல் சொல்வதையும் ஒரே குறிப்பேட்டில் எழுதத் தெரிந்த மாணவர்தான் ஊவாவுக்கு வேண்டிய ஆய்வாளர். அவர் தோட்டத்துப் பிள்ளையாகவும் இருந்துவிட்டால் அந்தப் பேச்சுக்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்படாது.

■ வண்டு வளர்க்கும் பயிர்

ஊவாவின் நடுத்தர உயரத் தோட்டங்களில் கவ்வாத்து முடிந்து ஓரிரு ஆண்டுகளில் வாதுகள் பட்டென்று முறிவதைப் பார்க்கலாம். முறிந்த இடத்தில் ஊசித் துளை. உள்ளே இருப்பது எள்ளளவான ஒரு கறுப்பு வண்டு. அது மரத்தைத் தின்பதில்லை. தண்டைக் குடைந்து சுரங்கம் அமைத்து, தன் வாய்ப்பையில் சுமந்து வந்த பங்கசை அதன் சுவரில் வளர்த்து, அதைத்தான் தானும் தின்று குஞ்சுகளுக்கும் ஊட்டுகிறது. இந்தப் பங்கசை இலங்கைத் தேயிலையிலிருந்து பிரித்தெடுத்து, 1947இல் விவரித்துப் பெயரிட்டவர்கள் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த காட், லூஸ் ஆகிய இருவர். இதே வண்டுக் குடும்பம் பின்னாளில் கலிபோர்னியாவிலும் இஸ்ரேலிலும் அவகாடோ மரங்களைத் தாக்கியபோது, ஆய்வாளர்கள் பழைய இலங்கை ஆவணங்களைத் தேடி எடுத்தார்கள்.

இதற்குள் ஒரு பாடமும் இருக்கிறது. இலைசுருட்டிப் புழுவுக்கு எதிராக ஜாவாவிலிருந்து வந்த சிறு குளவி, புழுவின் உடலுக்குள் முட்டையிட்டு அதை அருமையாக அடக்கி வைத்திருந்தது. பிறகு தண்டு துளைக்கும் வண்டைக் கொல்ல டீல்ட்ரின் என்ற பூச்சிகொல்லியை அடித்தார்கள். வண்டோடு குளவியும் செத்தது, அடங்கிக் கிடந்த புழு திரும்பக் கிளம்பியது. ஒன்றுக்குக் கொடுத்த மருந்து இன்னொன்றுக்கு வழி திறந்த இந்தச் சம்பவத்தைவிடத் தெளிவாகச் சூழலியலைக் கற்பிக்கும் பாடநூல் அத்தியாயம் அரிது.

அண்மைக்காலத்திலும் அப்படிக் கற்றுக்கொள்ளும் வாய்ப்புகள் வந்தன. 2015இல் கிளைபோசேட் என்ற களைகொல்லி தடைசெய்யப்பட்டது. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் தடை தளர்த்தப்பட்டது. 2021இல் இரசாயன உர இறக்குமதியே நிறுத்தப்பட்டு, அந்த ஆண்டு முடிவதற்குள் தடை விலக்கப்பட்டது. களை மண்டிய மலைகளில் ஏறி இறங்கியவர்களுக்கு அதன் சுமை தெரியும். உயிரியல் கண்ணால் பார்த்தால், நாடே ஒரு பெரும் பரிசோதனைக் களமாக மாறிய காலம் அது. தடைக்கு முன்னும் பின்னும் மண்புழு எத்தனை, களை வகை எத்தனை, மண்ணின் நுண்ணங்கி எப்படி மாறியது என்று ஒவ்வொரு தோட்டத்திலும் வருடா வருடம் ஒரு மாணவர் அளந்து வைத்திருந்தால், கொழும்பில் எடுக்கும் முடிவுகளுக்கு மலையிலிருந்து சான்று போயிருக்கும்.

கச்சான் காற்றையும் மறக்கக் கூடாது. யூலை முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று மழையை மேற்குச் சரிவிலேயே கொட்டிவிட்டு, வறண்ட காற்றாக ஊவாவுக்குள் இறங்குகிறது. செடியின் வளர்ச்சி தளர்கிறது. இலையின் வாசனைச் சேர்மங்கள் செறிகின்றன. தைலம் போன்ற அந்த ஊவா மணத்தில் மெத்தில் சலிசிலேற்றுக்குப் பெரும் பங்குண்டு. ஒரு செடி வறட்சிக்குக் காட்டும் எதிர்வினையை உலகம் விலை கொடுத்து வாங்குகிறது. காலநிலை தடுமாறும் இந்தக் காலத்தில் அந்த மணம் நிலைக்குமா என்பது விஞ்ஞானக் கேள்வி மட்டுமா? ஊவா மாகாணத்தின் வருமானக் கேள்வியும் அதுதான்.

■ லயத்திலிருந்து வளாகத்துக்கு

இத்தனை கேள்விகளும் வீட்டு வாசலிலேயே கிடக்கும்போது, அந்த வீட்டுப் பிள்ளைகள் உயிரியல் வகுப்புக்கு எத்தனை பேர் வருகிறார்கள்?

பாதையின் முதல் திருப்பத்திலேயே பலர் நின்றுவிடுகிறார்கள். தோட்டப் பாடசாலைகளில் பெரும்பாலானவை சாதாரண தரத்துக்கு மேல் போவதில்லை. உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவை நடத்தும் தகுதி 1ஏபி பாடசாலைகளுக்குத்தான். ஊவாவில் தமிழ் மொழியில் அப்படிப்பட்டவை மிகக் குறைவு, அவையும் நகரங்களை ஒட்டியே இருக்கின்றன. மடுல்சீமையிலோ நமுனுகுலையிலோ உள்ள பிள்ளை உயிரியல் படிக்க வேண்டுமென்றால் பதுளையிலோ பண்டாரவளையிலோ தங்க வேண்டும், அல்லது விடியுமுன் பஸ் பிடிக்க வேண்டும். இரசாயனவியலுக்கும் பௌதிகவியலுக்கும் தமிழில் ஆசிரியர் கிடைப்பது இன்னொரு பாடு.

இரண்டாவது திருப்பம் வெட்டுப்புள்ளி. விஞ்ஞானப் பிரிவில் பல்கலைக்கழக இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் தகுதிக்கு, 55 வீதம் மாவட்டச் சனத்தொகை அடிப்படைக்கு, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு என்று பங்கிடப்படுகின்றன. பதுளையும் மொனராகலையும் பின்தங்கிய மாவட்டப் பட்டியலில் உண்டு. ஆனால் சலுகை மாவட்டத்துக்கு, தோட்டத்துக்கு இல்லை. நகரத்தில் மூன்று பாடத்துக்கும் ரியூசன் போகும் பிள்ளையும் லயத்து விளக்கடியில் படிக்கும் பிள்ளையும் ஒரே பங்குக்காகத்தான் போட்டியிடுகிறார்கள். 2012 கணக்கெடுப்பின்படி பதுளை மாவட்ட மக்களில் ஏறக்குறைய 18 வீதத்தினர் மலையகத் தமிழர். விரிவுரை மண்டபத்திலும் அந்த விகிதம் தெரிகிறதா என்பதைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஆண்டுதோறும் வெளியிட்டால் விவாதம் ஊகத்தில் நடக்காது.

மூன்றாவது, மொழி. பதின்மூன்று ஆண்டுகள் தமிழில் படித்தவர் முதல் நாளே ஆங்கில விரிவுரையில் உட்காருகிறார். ஒளித்தொகுப்பு அவருக்கு நன்றாகத் தெரியும். அதைப் பற்றிக் கேள்வி கேட்கத்தான் வாய் வராது. ஆய்வின் தொடக்கமே கேள்வி கேட்பதுதான் என்பதால், இந்த மௌனம் புள்ளியை மட்டும் குறைப்பதில்லை, ஓர் ஆய்வாளரையே குறைத்துவிடுகிறது.

நான்காவது, கைச்செலவு. 2025 வரவு செலவுத் திட்டம் மஹாபொல உதவித்தொகையை மாதம் 7,500 ரூபாயாக உயர்த்தியது. அப்போது தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய். ஒரு மாதத்துக்குக் கிடைத்தது அம்மாவின் ஆறு நாள் சம்பளத்தைவிடவும் குறைவு. விடுதி, சாப்பாடு, அச்செடுப்பு போக, மாதிரி சேகரிக்க வாரம் இருமுறை தோட்டத்துக்குப் போய்வரும் பஸ் காசு எங்கிருந்து வரும்? மலையில் செய்ய வேண்டிய ஆய்வை விட்டு, ஆய்வுகூட மேசையில் முடிக்கக்கூடிய தலைப்பை மாணவர் தேர்வதற்கு இப்படியும் ஒரு காரணம் உண்டு.

■ விடை யாருக்கு?

தோட்டத்துக்குள் ஆய்வு செய்ய துரையின் அனுமதி வேண்டும். 1992 முதல் தோட்டங்களைப் பெருந்தோட்டக் கம்பனிகள் நிர்வகிக்கின்றன. நிர்வாகத்துக்கு உதவும் கேள்விக்கு, அதாவது விளைச்சல், மருந்துச் செலவு, கொழுந்தின் தரம் போன்றவற்றுக்கு, அனுமதி எளிது. மருந்தடிப்பவரின் கையுறை எத்தனை நாள் தாங்குகிறது, லயத்துப் பீலித் தண்ணீரில் என்ன பற்றீரியா இருக்கிறது என்று கேட்டால் முகங்கள் மாறக்கூடும். ஆனால் உயிரியலில் இந்த இரண்டு வகைக் கேள்விக்கும் ஒரே மரியாதை உண்டு.

ஆய்வு முடிந்ததும் ஆங்கிலத்தில் ஆய்வேடு எழுதப்படுகிறது. சுருக்கம் ஆய்வரங்கத் தொகுப்பில் அச்சாகிறது. பிரதி நூலகத்துக்குப் போகிறது. மாணவருக்குப் பட்டம் கிடைக்கிறது, மேற்பார்வையாளருக்கு ஒரு வெளியீடு. வினாக்கொத்துக்குப் பதில் சொன்னவர்களுக்கும், தண்ணீர் எடுத்துக் கொடுத்தவர்களுக்கும், மலையைச் சுற்றிக் காட்டியவர்களுக்கும் என்ன வந்து சேர்ந்தது? பிள்ளைகள் வந்தார்கள், எழுதிக்கொண்டு போனார்கள், அவ்வளவுதான்.

┌ பெட்டிச் செய்தி 2: ஊவாவில் காத்திருக்கும் ஐந்து கேள்விகள்

• குளவிக் கொட்டு: கொழுந்தெடுப்போரைத் தாக்குவது எப்போது குளவி, எப்போது பெருந்தேனீ? பெருந்தேனீக் கூட்டங்கள் பருவத்துக்குப் பருவம் இடம்பெயர்பவை. அவை வரும் மாதங்களை மலைவாரியாகக் குறித்தால் முன்னெச்சரிக்கை கொடுக்கலாம்.
• பீலித் தண்ணீர்: மழைக்கு முன்னும் பின்னும் நுண்ணங்கி அளவு எப்படி மாறுகிறது?
• பத்தனைப் புல்வெளி: ஊவாவின் புல்வெளிகளில் தீ வைத்தபின் முதலில் திரும்புவது எந்தச் செடி? மானாப் புல் மட்டுமா?
• ஓடைகள்: உமா ஓயாச் சுரங்கப் பணியின்போது பண்டாரவளைப் பக்கத்தில் கிணறுகளும் ஊற்றுகளும் வற்றின. ஓடை உயிர்கள் எங்கே மீண்டன, எங்கே மீளவில்லை?
• ஓய்வு நிலம்: பழைய தேயிலையைப் பிடுங்கிக் குவாத்தமாலாப் புல் நட்ட மண்ணில் வட்டப்புழுக்கள் எவ்வளவு காலத்தில் குறைகின்றன?
└

■ அழுகிய கத்தரிக்காய் சொன்ன செய்தி

மாணவர் ஆய்வு என்றால் பயிற்சிதானே, அதில் பெரிதாக என்ன வந்துவிடும் என்று கேட்பவர்கள் உண்டு. 2008இல் அமெரிக்காவில் ஒரு திட்டம் தொடங்கியது. பல்கலைக்கழகத்தில் காலடி வைத்த முதலாண்டு மாணவரிடமே ஒரு பிடி மண்ணைக் கொடுத்து, அதிலிருந்து பற்றீரியாவைக் கொல்லும் வைரசைப் பிரித்தெடுக்கச் சொன்னார்கள். மண்ணுக்கு விலையில்லை, கண்டெடுப்பது பெரும்பாலும் புதிய வைரஸ், அதற்குப் பெயர் வைக்கும் உரிமை மாணவருக்கே. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் கிரகாம் ஹட்ஃபுல் அந்தச் சேகரிப்பின் பின்னால் இருந்தவர்.

தென்னாபிரிக்காவின் டர்பன் நகரில் நடந்த இதே போன்ற பயிற்சியில், ஒரு மாணவி அழுகிய கத்தரிக்காயின் அடிப்பக்கத்திலிருந்து ஒரு வைரசைப் பிரித்தெடுத்தார். பல ஆண்டுகள் அது உறைபெட்டியில் கிடந்தது. எந்த மருந்துக்கும் கட்டுப்படாத பற்றீரியாத் தொற்றோடு இலண்டனில் போராடிய பதினைந்து வயதுச் சிறுமி ஒருவருக்கு அந்த வைரசையும் மாணவர்கள் கண்டெடுத்த வேறு இரண்டையும் சேர்த்துக் கொடுத்தபோது அவர் தேறினார். 2019இல் நேச்சர் மெடிசின் இதழ் அதை வெளியிட்டது. கத்தரிக்காய்க் குப்பை பதுளைச் சந்தையிலும் உண்டு. அங்கே மேலதிகமாக இருந்தது ஓர் ஒழுங்கு: மாணவர் கண்டதைத் தூக்கி எறியாமல் பெயரிட்டு, பதிந்து, பொதுவில் வைத்தார்கள்.

■ செய்ய வேண்டியவை

புதிய கட்டடமோ பெருநிதியோ கேட்காத சில மாற்றங்கள் உடனே சாத்தியம். ஒரே மலையை, ஒரே ஓடையை ஒவ்வோர் ஆண்டும் ஒரு புதிய மாணவர் அதே முறையில் அளக்கட்டும். தனித்தனியாகச் சிறிதாகத் தெரியும் ஆய்வுகள் பத்து ஆண்டில் ஊவாவின் உயிரியல் பதிவேடாகிவிடும். பசறை, லுணுகலை, பண்டாரவளை, அப்புத்தளைப் பாடசாலைகளின் உயர்தர மாணவர்களை வருடத்தில் சில நாட்களாவது பல்கலைக்கழக ஆய்வுகூடத்துக்குள் விடலாம். நுணுக்குக்காட்டியை வினாத்தாளில் மட்டும் பார்த்தவர்கள் அவர்களில் பலர். களஆய்வுக்குப் போகும் மாணவருக்குப் பஸ் காசு கொடுக்கப் பழைய மாணவர் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் ஒரு சிறு நிதியம் அமைக்கலாம். மலையகத்துக்கென்று ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்ற கோரிக்கை நியாயமானது. அது நிறைவேறும்வரை, இருக்கிற பல்கலைக்கழகத்தின் கதவைத் தட்டாமல் இருப்பது நியாயமல்ல.

உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், இன்றைக்கே ஒரு குறிப்பேடு வாங்கிக் கொடுங்கள். வீட்டுக்குப் பக்கத்து மலையில் என்றைக்குக் கொப்புளம் விழுந்தது, எந்த மரத்தில் பெருந்தேனீ கூடு கட்டியது, பீலி எப்போது வற்றியது என்று திகதி போட்டு எழுதட்டும். ஆய்வு தொடங்குவது அங்கேதான். பல்கலைக்கழகத்திடம் கேட்பதற்கும் ஒன்று உண்டு. தோட்டத்தில் செய்த ஒவ்வோர் ஆய்வின் முடிவையும் தமிழில் ஒரே ஒரு பக்கம் எழுதி, அந்தத் தோட்டத்துப் பாடசாலைப் பலகையில் ஒட்டிய பிறகுதான் ஆய்வேட்டுக்குக் கையொப்பம் இடுவது என்று ஒரு விதி செய்யுங்கள்.